கிரேஸுக்கு, கல்யாணச் செய்தியும் கொஞ்சம் கோபமும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கிரேஸ்,

ஸ்தோத்திரம். இங்கு எல்லாரும் சுகம். அண்ணனை விசாரித்ததாகச் சொல்லு, மூட்டுவலிக்கு அந்த எண்ணெயை விடாமல் தேய்க்கச் சொல்லு.

செய்தி என்னவென்றால், ஆல்பர்ட்டுக்குப் பெண் முடிவாகிவிட்டது. நாசரேத் பக்கம். பெயர் ஷீபா, கோயம்புத்தூரில் பிசியோதெரபி பார்க்கிறாள். அடுத்த மாதம் கோயிலில் ஆராதனையில் கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார்கள். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கு ஃபோன் போட்டால் "சரிட்டி, சேலை எங்க எடுக்க?" என்று ஆரம்பித்து, நான் சொல்ல வந்ததை எல்லாம் டவுன் ஜவுளிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாய். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்.

பெண் பார்க்கப் போன அன்று மொட்டை மாடியில் இரண்டு பேரையும் கொஞ்சம் பேச விட்டோம். இறங்கி வந்தவள் நேராக என்னிடம் வந்து, சத்தம் இல்லாமல், "அத்தை, ஒண்ணு கேக்கட்டா? அவங்களுக்குக் காய்ச்சல்னா அவங்களே கஞ்சி வச்சுக் குடிப்பாங்களா, இல்ல யாராவது வச்சுக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். சம்பளம் கேட்கவில்லை, சொந்த வீடா என்று கேட்கவில்லை. எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது. "கஞ்சி வைப்பான், தொவையலும் அரைப்பான். அடுப்பை மட்டும் துடைக்க மாட்டான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். காதில் விழுந்த அவள் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. எங்கள் மைனி காரில் ஏறினதும் ஆரம்பித்துவிட்டாள்: "இதெல்லாம் ஒரு பொம்பளப்பிள்ள கேக்குற கேள்வியா?" மைனியைத்தான் உனக்குத் தெரியுமே. நெல்லை வரும் வரை நிறுத்தவில்லை.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சமயம் பார்த்து நம்ம சபைக் குருவானவர் வீட்டு ஐயரம்மா என்னைப் பெண்கள் ஞாயிறுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: "தேவனுக்கென்று மகனை வளர்த்த தாய்". எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். சாமுவேலின் தாய் அன்னாள், தீமோத்தேயுவின் தாய் ஐனிக்கேயாள், பரிசுத்த அகஸ்டினின் தாய் மோனிக்கா, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி. நம்ம டெய்சி அக்கா இந்த நாலு பேரை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார்கள் அல்லவா? கடைசியில் கர்ச்சீப், அப்புறம் "ஜெபிப்போம்". நானும் அதே தடத்தில் போய்விட்டு வரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சூசன்னாவைப் பற்றி நாலு வரி எடுக்கலாம் என்று படிக்க ஆரம்பித்தவள், ராத்திரி சோறு வைக்க மறந்து படித்துக்கொண்டே இருந்தேன். இவங்க பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

ஏட்டி, அந்த அம்மா லேசுப்பட்ட ஆள் இல்லை. 1669இல் லண்டனில் பிறந்தவள். அவள் அப்பாவுக்கு அவள் இருபத்தைந்தாவது பிள்ளை. பத்தொன்பது வயதில் சாமுவேல் வெஸ்லி என்கிற குருவானவரைக் கட்டி, லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சேற்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். பத்தொன்பது பிள்ளை பெற்றாள். நிலைத்தது பத்து. பையன்கள் மூன்றே பேர். பெண்கள் ஏழு. இந்த ஏழு பேரைப் பற்றி நீ எந்தப் பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறாயா?

புருஷன் படித்தவர், கவிஞர், ஆனால் காசு கையில் நிற்காது. 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தார். அதற்கு முன்னால் ஒரு சண்டை. வில்லியம் ராஜாவுக்காக அவர் பண்ணின ஜெபத்துக்கு இவள் ஆமென் சொல்லவில்லை. அவர்தான் ராஜா என்று இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நமக்கு ராஜா ரெண்டு பேர்னா படுக்கையும் ரெண்டுதான்" என்று அவர் லண்டனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஒருநாள் ஆமென் சொல்லாமல் இருந்துதான் பார்க்கணும். அந்தச் சண்டை தீர்ந்து பிறந்தவர்தான் ஜான் வெஸ்லி, 1703இல். 1709இல் வீடு தீப்பிடித்தபோது மாடி ஜன்னலில் மாட்டிக்கொண்ட ஐந்து வயதுப் பையனை, ஆள் மேல் ஆள் ஏறி நின்று இறக்கின கதை மட்டும் நம் ஓய்வுநாள் பாடசாலையில் வருஷா வருஷம் வரும். "அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி". படம் கூட இருக்குமே, நீ அதில் மீசை வரைந்து சாரிடம் அடி வாங்கினாய்.

அவள் பிள்ளை வளர்த்த முறையை, பின்னால் ஜான் கேட்டதற்காக, 1732இல் ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாதி இடத்தில் எனக்கு மூச்சு நின்றது. ஒரு வயசு ஆகும்போதே பிரம்புக்குப் பயப்படவும் மெதுவாக அழவும் பழக்கிவிட வேண்டுமாம்! பிள்ளையின் சித்தத்தை முதலில் முறிக்க வேண்டுமாம். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், எந்தப் பரிசுத்தவாட்டி சொன்னாலும் சரி. அதே கடிதத்தில் இதுவும் இருக்கிறது: தப்பை ஒத்துக்கொண்ட பிள்ளையை அடிக்கக் கூடாது. ஒரே தப்புக்கு இரண்டாம் தடவை ஏசக் கூடாது. நன்றாக வாசிக்கத் தெரியும் முன் எந்தப் பெண் பிள்ளையையும் வேலைக்குப் பழக்கக் கூடாது. நம்மை ஆறாம் வகுப்பில் ஊசியும் நூலும் கொடுத்து உட்கார வைத்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியை யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. இத்தனை பிள்ளைகள், இத்தனை கடன், அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு ராத்திரி தனியாக. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி என்கிற ஜான், வெள்ளி பாட்டி (மார்த்தாவின் செல்லப் பெயர், கிழவி இல்லை!), சனி சார்லஸ், ஞாயிறு பெரிய பெண்கள் இரண்டு பேரும். அடிப்பதற்கு இல்லை, பாடம் கேட்பதற்கும் இல்லை, பேச. ஜான் முப்பதை நெருங்கி ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அந்த வியாழக்கிழமை ராத்திரியில் கொஞ்சத்தை இப்போதும் எனக்காக ஒதுக்கக் கூடாதா என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். இதைப் படித்த பிறகு நான் சாமுக்கு வியாழக்கிழமைதோறும் ஃபோன் போட ஆரம்பித்தேன். முதல் வியாழக்கிழமை "யம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டான்.

சாமைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சொல்ல வேண்டியதே அதுதான்.

பிரசங்கத்தில் சூசன்னாவின் கதை இங்கேயே முடிந்துவிடும். ஜான் உலகத்தைக் கலக்கினார், சார்லஸ் பாமாலைக்கு ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார், ஆமென். எனக்கு அந்த ஏழு பெண்களை விட மனசு வரவில்லை. ஹெட்டி எட்டு வயதில் கிரேக்க வேதம் வாசித்தவள் என்கிறார்கள். பையனாகப் பிறந்திருந்தால் ஆக்ஸ்போர்டு. பெண்ணாகப் பிறந்ததால், 1725இல் ஒருத்தனை நம்பி வீட்டை விட்டுப் போய், அவன் கைவிட்டு, திரும்பி வந்தாள். அப்பா அவளை ஈயக்குழாய் வேலை செய்யும் ஒருவருக்கு அவசர அவசரமாகக் கட்டிவைத்தார். பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அந்த ஈயப் புகைதான் காரணம் என்று அவள் நினைத்தாள். சாகும் குழந்தையைப் பார்த்து அவள் எழுதின கவிதை இன்னும் இருக்கிறது. அப்பா கடைசி வரை மனம் இரங்கவில்லை. மார்த்தாவைக் கட்டியவர் ஜானிடமே படித்த குருவானவர். அவளை விட்டுவிட்டு வேறு பெண்களோடு திரிந்தார். அவரையும் ஒரு அம்மா தேவனுக்கென்றுதான் வளர்த்திருப்பாள்.

ஒரு நல்ல இடம் உண்டு. 1726இல், ஹெட்டியின் பெயரைச் சொல்லாமல், தவறிப்போனவர்களிடமும் அன்பாக இருக்க வேண்டும் என்று ஜான் அப்பாவின் சபையிலேயே பிரசங்கம் பண்ணினார். அப்பாவுக்கு யாரைச் சொல்கிறான் என்று தெரிந்து பெரிய மனஸ்தாபம். இருபத்து மூன்று வயதுப் பையன், கிரேஸ். அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டு அப்பாவின் பிரசங்க பீடத்தில் நின்று.

சரி, இவ்வளவு நல்ல பையன் கல்யாணம் பண்ணினால் எப்படி இருப்பான் என்று நினைக்கிறாய்? 1751இல் மேரி வசேல் என்கிற விதவையைக் கட்டினார். கட்டின அடுத்த மாதமே நாட்குறிப்பில் எழுதுகிறார்: கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக ஒரு மெதடிஸ்ட் ஊழியன் ஒரு பிரசங்கம் குறைத்தாலும் ஒரு நாள் பயணம் குறைத்தாலும் தேவனுக்கு என்ன பதில் சொல்வான்! அவளும் சாது இல்லை, சந்தேகப்பட்டாள், கடிதங்களைப் பிரித்தாள். 1771இல் வீட்டை விட்டுப் போனாள். அன்றைக்கு அவர் லத்தீனில் மூன்று வரி எழுதினார்: நான் அவளை விட்டுவிடவில்லை, அனுப்பவுமில்லை, திரும்பக் கூப்பிடவும் மாட்டேன். 1781இல் அவள் செத்தபோது, அடக்கம் முடிந்த பிறகுதான் அவருக்கே தெரியும். சூசன்னா 1742இலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள், மருமகளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு வியாழக்கிழமை போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி சார்லஸ், அதே அம்மா, அதே சனிக்கிழமை ராத்திரி, பெண்டாட்டியோடு சந்தோஷமாக வாழ்ந்தார். அதனால் எல்லாப் பாரத்தையும் அம்மா தலையில் ஏற்றவும் முடியாது. எனக்குக் கோபம் அவள் மேல் இல்லை. மகனைத் தேவனுக்கு வளர்த்தாயா என்று ஆயிரம் தடவை கேட்கிற நம் சபை, அவனோடு குடித்தனம் பண்ணப் போகிறவளுக்கு வளர்த்தாயா என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை, அதில்தான் கோபம். ஷீபா கேட்டாள். அதற்கு அவளுக்கு வாயாடிப் பட்டம்.

இன்னொன்று. நீதிமொழிகள் 31. ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண்ணின் தலையில்தானே அதை வைப்பார்கள்? "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" அவள் இருட்டோடே எழுந்திருப்பாள், ராத்திரி விளக்கு அணையாது, மொத்தத்தில் தூங்கவே மாட்டாள். நீயும் நானும் அதைக் கேட்டுக் கேட்டே கிழவியானோம். அந்த அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பார்: லேமுவேல் ராஜாவுக்கு "அவன் தாய் அவனுக்குப் போதித்த உபதேசம்". அம்மா மகனுக்குச் சொன்னது! குடிக்காதே, பெண்கள் பின்னால் போய் உன் பெலனை இழக்காதே, "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற". இதெல்லாம் மகனுக்கு. இந்த முதல் ஒன்பது வசனத்தை எந்தக் கல்யாணத்திலாவது மாப்பிள்ளையைப் பார்த்து வாசித்தார்களா? பத்தாம் வசனத்திலிருந்து பெண்ணைப் பார்த்து வாசிப்பார்கள். ஆல்பர்ட் கல்யாணத்தில் முதல் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிகிறார்.

இதையெல்லாம் பெண்கள் ஞாயிறில் பேசினேன். மேரி வசேலைச் சொன்னதும் ஐயரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்கள். விக்டோரியா டீச்சர் எழுந்து, "அப்போ நாங்க எங்க மகன்மாரை ஒழுங்கா வளக்கலைன்னு சொல்லுதியா?" என்று நின்ற இடத்தில் கேட்டார்கள். அவர்கள் மருமகள் இரண்டு வரிசை பின்னால் தலையைக் குனிந்து பைபிளில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லும் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான அம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எங்க மாமியா எங்க வீட்டுக்காரரை நல்லாத்தான் வளத்தா. கோயிலுக்கு வளத்தா. வீட்டுக்கு வளக்கல" என்று சொன்னது. கோயில் முழுக்கச் சிரிப்பு. நான் அத்தனை பக்கம் எழுதிக்கொண்டு போய்ச் சொன்னதை அந்த அம்மா மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டது. அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டார்கள், நிம்மதி.

மோனிக்காவைப் பற்றி அன்றைக்கு நான் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

சாம் கோயிலுக்குப் போவதில்லை, கிரேஸ். ஓசூர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். சபைத் தேர்தல் சமயத்தில் ஒரு கோயில் வாசலில் நடந்த கைகலப்பை வீடியோவில் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை உடைத்துச் சொல்லிவிட்டான்: "யம்மா, நான் ஜெபம் பண்ணுதேன். கோயிலுக்கு மட்டும் கூப்பிடாதீங்க. அந்தச் சட்டையப் பிடிச்ச கை திருவிருந்துத் தட்டையும் பிடிக்குது, என்னால பாக்க முடியல." என்னத்தைச் சொல்ல? அவன் பார்த்ததை நானும்தான் பார்த்தேன்.

மோனிக்கா கதையில் பிஷப் சொன்னதாக நமக்குத் தெரிந்தது ஒரு வரிதான்: இவ்வளவு கண்ணீரின் மகன் கெட்டுப்போக முடியாது. அகஸ்டின் எழுதி வைத்திருப்பதை எடுத்துப் பார்த்தால், பிஷப் முதலில் சொன்னது வேறு. வேறு மார்க்கத்துக்குப் போய்விட்ட என் மகனோடு பேசுங்கள் என்று இவள் கெஞ்சியபோது அவர் மாட்டேன் என்றார். அவனை இப்போது விட்டுவிடு, அவனுக்காகக் கர்த்தரிடம் கேள், படிக்கப் படிக்க அவனே கண்டுகொள்வான் என்றார். இவள் விடாமல் அழுதபோது எரிச்சல் தாங்காமல், போம்மா என்று சொல்லித்தான் அந்தக் கண்ணீர் வரியைச் சொன்னார். "விட்டுவிடு" என்றதை நமக்கு யாரும் பிரசங்கிக்கவில்லை. அவளும் விடவில்லை. கர்த்தேஜில் ஒரு ராத்திரி, நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அவன் ரோமுக்குக் கப்பலேறினான். பின்னாலேயே கடல் கடந்து போனாள். அவன் கூடப் பத்துப் பதினைந்து வருஷம் வாழ்ந்து ஒரு பிள்ளையும் பெற்றவளை, நல்ல இடத்தில் சம்பந்தம் பண்ணவென்று, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இங்கே, தாய் அங்கே. அவள் பெயரைக்கூட அகஸ்டின் எழுதவில்லை. பரிசுத்த மோனிக்காவை நினைத்து அழும்போதெல்லாம் இந்தப் பெயரில்லாதவள் குறுக்கே வந்து நிற்கிறாள். எவ்வளவு தூரம் பின்னால் போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஓசூருக்கு ரயிலேறிப் போய் அவன் அறையில் உட்கார்ந்துவிடலாமா என்றுகூட இருக்கிறது. போனால் வாய் திறந்து ஏதாவது சொல்லிவிடுவேன், அதனால் போகவில்லை.

இப்போது வீட்டில் சிக்கல் இதுதான். ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக முன் வரிசையில் இருக்க வேண்டும், சாம் வந்தே ஆக வேண்டும், திருவிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள் இவங்க. இல்லையென்றால் கல்யாணத்திலும் அவன் முன்னால் நிற்கக் கூடாதாம். அவனோடு பேச்சே இல்லை. அவன் ஃபோன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, அதிர்ந்து பேசாத நம்ம ஆல்பர்ட், "அப்பா, சாம் மாப்பிள்ளைத் தோழனா நிக்கலன்னா நான் இந்தத் தேதிய ஒத்துக்க மாட்டேன். அவன் உங்க கூடச் சண்டை போடல, நீங்கதான் போடுதீங்க" என்று சொல்லிவிட்டான். கை நடுங்கிக்கொண்டிருந்தது அவனுக்கு. இவங்க ஒரு வார்த்தை பேசவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவனுக்குப் பயந்தேனா, பெருமைப்பட்டேனா, தெரியவில்லை.

உனக்கு எழுதியதற்குக் காரணமே இதுதான். இவங்க உலகத்தில் ஒருத்தர் பேச்சைக் கேட்பார்கள் என்றால் அது உன் வீட்டு அண்ணன் பேச்சைத்தான். அண்ணனை ஒரு ஃபோன் போடச் சொல்லு. எடுத்த எடுப்பில் சாமைப் பற்றிப் பேச வேண்டாம், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று ஆரம்பிக்கட்டும், இவங்களே கொட்டிவிடுவார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்றால் நல்லது, நான் அப்போது காய்கறி வாங்கப் போய்விடுவேன். நான் எழுதினேன் என்று மட்டும் தெரியக் கூடாது. நீ பக்கத்தில் நின்று சைகை காட்டாதே, அண்ணன் சிரித்துவிடுவார்கள், காரியம் கெட்டுப்போகும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் எடுத்துவிடு, அப்புறம் கிடைக்காது. சேலை அரக்கு நிறம் வேண்டாம், சம்பந்தி வீட்டில் எல்லாரும் அரக்குதான் எடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
எஸ்தர்